நல்ல கடன்காரன்

அப்பாவுக்குக் கடன் இருந்தது தெருவுக்கே தெரியும். எனக்குக் கடன் இருப்பது ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலையில்தான் எனக்கே தெரியவருகிறது. ஒரு தலைமுறையில் எங்கள் குடும்பம் அடைந்திருக்கும் முன்னேற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1988-ல் அத்தைக்குக் கல்யாணம். அப்பாவுக்கு மதுரையில் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. சம்பளம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். பவுன் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சுற்றி இருந்த வருடம் அது. தாத்தா இல்லாத வீடு. மூத்த பிள்ளை தலையில் விழுந்த கல்யாணம். அப்பா நாலு திசையிலும் கை நீட்டினார். அலுவலகச் சிக்கன நாணயச் சங்கத்தில் எட்டாயிரம். வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் ஐயாயிரம். தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து இரண்டு வட்டிக்குப் பத்தாயிரம். அதுவும் போதாமல் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய் ஏழாயிரமாகத் திரும்பி வந்தது. ஆக முப்பதாயிரம். மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேளையும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு நாங்கள் 1997 வரை பணம் கட்டினோம்.

சம்பளக் கவர் வீட்டுக்கு வரும்போதே மெலிந்துதான் வரும். சங்கத் தவணை, வைப்பு நிதி, முன்பணப் பிடித்தம் என்று அலுவலகத்திலேயே ஆளுக்கொரு வாய் கடித்துக்கொண்டு, மிச்சம் ஆயிரத்து நூறு ரூபாயை அனுப்பி வைப்பார்கள். அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அம்மா கையில் கொடுப்பார். அத்தோடு அவருடைய நிதி நிர்வாகம் அந்த மாதத்துக்கு முடிந்தது.

அம்மா எட்டாவது வரை படித்தவள். என் பழைய கணக்கு நோட்டின் எழுதாத கடைசிப் பக்கங்கள்தான் அவளுடைய பேரேடு. அதில் வரவுக்கு என்று தனிப் பத்தி கிடையாது. "ஒரே ஒரு வரி வரப்போகுது, அதுக்கு எதுக்குக் கோடு போடணும்?" என்பாள். செலவுப் பக்கத்திலும் பொருள்களின் பெயர் இருக்காது. ஆட்களின் பெயர்தான் இருக்கும். வீட்டுக்காரர் 250. வட்டிக்காரர் 200. பால்காரம்மா 90. அண்ணாச்சி. டெய்லர். சீட்டு அக்கா. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு பெரிய தொகை, அதன் பக்கத்தில் ஒரு சின்னத் தொகை. பெரியது கொடுக்க வேண்டியது. சின்னது கொடுக்கப் போவது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை இந்த மாதம் யார் முகம் சுளிக்காமல் தாங்குவார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் குடும்ப பட்ஜெட். நிதியமைச்சர்கள் பற்றாக்குறை என்று அரை மணி நேரம் விளக்குவதை அம்மா எனக்கு ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "டெய்லர் கடை இருக்குற தெருப் பக்கம் போகாத."

அவளுக்குச் சில விதிகள் இருந்தன. வட்டியை முதலில் எடுத்து வைக்க வேண்டும். பால்காரம்மாவுக்குப் பாக்கியே வைக்கக் கூடாது, ஏனென்றால் அவளும் இல்லாதவள். மளிகைக் கடையில் மட்டும் எப்போதும் கொஞ்சம் பாக்கி நிற்க வேண்டும். "முழுசாத் தீர்த்துட்டா அண்ணாச்சிக்கு நம்ம ஞாபகமே போயிரும்" என்பது இதற்குக் காரணம். அண்ணாச்சிக்கு எங்களை மறக்கும் வாய்ப்பை அம்மா ஒரு மாதம்கூடக் கொடுத்ததில்லை.

கடை நோட்டு நீளவாக்கில் ஒடுங்கியது. அட்டையில் எண்ணெய்க் கறை, மூலையில் ஒரு துளை, துளையில் சணல் கயிறு. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற வேலை, பாக்கி ஏறிய மாதங்களில் கண்டிப்பாக எனக்குத்தான். எட்டு வயதுப் பையனிடம் பணம் கேட்க எந்த அண்ணாச்சிக்கும் வாய் வராது என்பது அம்மாவின் கணிப்பு. கணிப்பு சரிதான். அவர் எல்லாவற்றையும் கட்டிக் கொடுப்பார். அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் புளி, மிளகு ஐம்பது கேட்டால் கொஞ்சம் யோசித்து இருபத்தைந்து. பொட்டலத்தின் மேல் நூலைச் சுற்றி, விரலில் ஒரு இழுப்பு இழுத்து அறுப்பார். காதில் செருகிய பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, கடை நோட்டிலும் எங்கள் நோட்டிலும் ஒன்றுபோல எழுதுவார். பிறகு எங்கள் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். "தம்பி, அப்பாவை ஒரு எட்டு கடைப் பக்கம் வந்துட்டுப் போகச் சொல்லு." அவ்வளவுதான் வசூல் நடவடிக்கை. நான் வீட்டுக்கு வந்து சொல்வேன். மறுநாளிலிருந்து அப்பா அலுவலகத்துக்கு வேறு தெரு வழியாகப் போவார்.

தீபாவளி மட்டும் எங்களுக்குக் கடன் இல்லாத பண்டிகை மாதிரி தோன்றும். அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் பண்டிகை முன்பணம் உண்டு. பத்து மாதத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பட்டாசும் துணியும் அதில்தான். பத்தாவது தவணை முடிந்து அப்பா பெருமூச்சு விடும்போது அடுத்த தீபாவளிக்கு விண்ணப்பம் எழுதும் நாள் வந்திருக்கும்.

இன்று என் வீட்டில் யாரும் கணக்கு எழுதுவதில்லை. கணக்கு தன்னைத் தானே எழுதிக்கொள்கிறது. ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. அப்பா அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். நானும் மனைவியும் சேர்ந்து மாதம் ஒன்றேகால் லட்சம் சம்பாதிக்கிறோம். அம்மா ஒரு வருடம் முழுக்க வைத்துக் குடும்பம் நடத்திய தொகை எங்களுக்கு மூன்று நாள் சம்பளம். ஆகவே நாங்கள் வசதியானவர்கள். எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஃபோனில் ஒரு செயலி இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்து, செலவுகளை இனம் பிரித்து, மாதக் கடைசியில் வண்ண வண்ணமாக ஒரு வட்டம் போட்டுக் காட்டும். திருப்பரங்குன்றத்தில் வாங்கிய அர்ச்சனைச் சீட்டைப் பொழுதுபோக்கில் சேர்த்திருந்தது. காய்கறிக்கு என்று நான் மனைவிக்கு அனுப்பும் ஐயாயிரம் என் செயலியில் செலவு, அவள் செயலியில் வருமானம். இப்படியாக வீட்டின் மொத்த உற்பத்தி மாதாமாதம் வளர்கிறது. வட்டத்தின் மிகப் பெரிய துண்டுக்கு 'இதர' என்று பெயர். ஒருநாள் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"இதரன்னா யாருடா?"

ஆட்களின் பெயர் போட்டுக் கணக்கு எழுதியவளுக்கு அது நியாயமான கேள்வி. அந்த ஆசாமிக்குத்தான் மாதம் முப்பதாயிரம் போகிறது. நான் இன்றுவரை அவரைப் பார்த்ததில்லை.

ஐந்தாம் தேதி விடிவதற்குள் ஃபோன் நடுங்க ஆரம்பிக்கும். வீட்டுக் கடன், பர்சனல் லோன், பையனின் பள்ளிக் கட்டணத் தவணை, அவன் அம்மாவின் ஃபோனுக்கு 'நோ காஸ்ட்' தவணை. சைபர் வட்டித் தவணை என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடி என்று விலையில் கழித்துவிட்டு, வட்டியை முறையாகப் போட்டு, அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் வாங்குகிறார்கள். எல்லாம் சட்டப்படி நடக்கிறது. காபி ஆறுவதற்குள் முதல் தேதி வந்த சம்பளத்தில் முக்கால்வாசி புறப்பட்டுப் போயிருக்கும். யாருக்காகவும் வேறு தெரு வழியாகப் போக வேண்டியதில்லை, போனாலும் பயனில்லை.

அந்தக் கால வட்டிக்காரரை நினைத்துக்கொள்கிறேன். மாதம் பத்தாம் தேதி சாயங்காலம் சைக்கிளில் வருவார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த மஞ்சள் பை. திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி என்ன படிக்குது?" என்று கேட்பார். போன மாதமும் அதையேதான் கேட்டிருப்பார். நானும் அதே வகுப்பில்தான் இருந்திருப்பேன். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்கு அம்மா கொடுப்பது முதல் டிகாஷன் காபி. வீட்டிலேயே திக்கான காபி மாதத்தில் அன்று ஒரு தம்ளர்தான் இறங்கும். வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டும் இருநூறு ரூபாயை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வார். எண்ணாமல் வாங்குவது மரியாதை. தெருமுனை திரும்பியதும் ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளை நிறுத்தி, எச்சில் தொட்டு எண்ணுவார். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும்.

எல்லா வீட்டுக்கும் காபி குடிக்கிற வட்டிக்காரர் வாய்க்கவில்லை. எதிர்வரிசையில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா தண்டலுக்கு வாங்கியிருந்தார். ஆயிரம் ரூபாய் கடன் என்றால் கையில் கொடுப்பது தொள்ளாயிரம். தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஐப்பசி மழையில் வியாபாரம் படுத்து, தவணை நின்றது. தண்டல்காரர் இட்லிப் பானையைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். தெருவே நின்று பார்த்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினாள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது 2003-ல். அதற்குள் அந்த அக்கா கடையை மூடி, ஊரை மாற்றி, எங்கே போனார் என்றே தெரியாமல் போய்விட்டார். அந்தக் காலத்தில் கடன்கூட நாகரிகமாக இருந்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் அந்தப் பானையைப் பற்றிச் சொல்வது வழக்கம்.

இப்போது யாரும் பானையைத் தூக்குவதில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், கடன் செயலி ஒன்றில் பத்தாயிரம் வாங்கினான். தவணை தவறியதும் செயலி அவன் ஃபோனில் இருந்த எண்கள் அத்தனைக்கும் செய்தி அனுப்பியது. அவனுடைய பழைய வாத்தியார், கேஸ் ஏஜென்சி, முடிவெட்டுகிறவர், பெண் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் தெரிந்தது. கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்பது 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அண்ணாச்சிக்கு எந்த விதியும் இருந்ததில்லை. அவர் சொல்லியனுப்பியது ஒரு எட்டு வயதுப் பையனிடம் மட்டும்தான்.

அம்மாவுக்குச் சதவீதம் பிடிபடாது. வட்டி நன்றாகத் தெரியும். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. அவளிடம் ஒரு அட்டவணையே உண்டு. ஒரு வட்டி, சொந்தக்காரர்கள். இரண்டு வட்டி, தெரிந்தவர்கள். மூன்று வட்டி, ஆஸ்பத்திரி அவசரம். அதற்கு மேல் வாங்குகிறவன் திருப்பிக் கட்டப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வாங்குகிறான். போன வருடம் என் கிரெடிட் கார்டு பில்லின் பின்பக்கத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி இருந்த எழுத்துகளை மனைவி உரக்கப் படித்தாள். மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42.

"மூணரை வட்டியா?" அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். "யார்கிட்டடா வாங்குன? புரோநோட்டு எழுதிக் குடுத்தியா?"

"பேங்க்தாம்மா."

"பேங்க்ல போய் எவன் மூணரை வட்டி கேப்பான்? சரியாப் படிம்மா."

மருமகள் மறுபடி படித்தாள். சரியாகத்தான் இருந்தது. கணக்கையும் போட்டுக் காட்டினாள். அந்தக் கார்டில் பாக்கி ஐம்பதாயிரம். 'குறைந்தபட்சத் தொகை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது 2,500. அதைக் கட்டினால் வட்டிக்குப் போவது 1,750. வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. 315. அசலில் கழிவது 435 ரூபாய். பாக்கி நிற்கிறவரை, அன்று வாங்குகிற தக்காளிக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டுகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. தெருவில் வாங்கினால் குற்றம், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வாங்கினால் ஒப்பந்தம்.

வீட்டுக் கடன் இதைவிடக் கண்ணியமானது. 2021-ல் 25 லட்சம் வாங்கினோம். 20 வருடம், 7 சதவீதம், மாதத் தவணை 19,383. பிறகு 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. எங்கள் வட்டியும் கூடவே படியேறி 9.5 ஆனது. ஆனால் தவணை ஒரு பைசா ஏறவில்லை. எங்கள் வசதியை முன்னிட்டுத் தவணைத் தொகை மாற்றப்படவில்லை, கடன் காலம் மட்டும் திருத்தப்பட்டுள்ளது என்று பணிவாக ஒரு கடிதம் வந்தது. நல்ல மனுஷர்கள் என்று பேசிக்கொண்டோம். அந்த மாதக் கணக்குத் தாளில் 19,383-ல் வட்டிக்குப் போனது 19,158. அசலுக்குப் போனது 225. அதே வேகத்தில் கட்டிக்கொண்டே போனால் கடன் முடிய 47 வருடம் ஆகும். எனக்கு அப்போது வயது 43. தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வீடு சொந்தமாகிவிடும். கிரகப்பிரவேசத்தைச் சதாபிஷேகத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"இந்த மாசம் அசல் எவ்வளவு குறைஞ்சது?" என்று அம்மா கேட்டாள். 1988-லிருந்து அவள் கேட்கத் தெரிந்த ஒரே நிதிக் கேள்வி இதுதான்.

"இருநூத்தி இருபத்தஞ்சு ரூபாம்மா."

"ஆயிரத்துல சொல்றியா?"

இல்லை என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாங்களும் அசலைத் தொடாமத்தான் வட்டி கட்டுனோம்" என்றாள். உண்மைதான். பத்தாயிரம் கடனுக்கு இருபதாயிரத்துக்கு மேல் வட்டியாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அசல் அசையவில்லை என்பது அவளுக்கு மாதாமாதம் தெரிந்தது. தெரிந்ததால்தான் டெய்லரைத் தவிக்கவிட்டு, அப்பாவின் விடுப்பு சரண்டர் பணத்தையும் ஊதியக்குழு நிலுவையையும் கண்ணில் காட்டாமல் ஒதுக்கி, ஏலச் சீட்டில் போட்டு எடுத்து, 1997-ல் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுடைய கணக்கு நோட்டில் பணம் குறைவாக இருந்ததே தவிர, தெரியாதது எதுவும் இருந்ததில்லை. என் செயலியில் எல்லாம் இருக்கிறது. அசல் எவ்வளவு குறைந்தது என்ற இந்த ஒரு எண்ணைத் தவிர. கடன்காரர்களிடம் விருப்பம் கேட்காமல் காலத்தை நீட்டக் கூடாது, தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. நாங்கள் தவணையை 23,300 ஆக ஏற்றிக்கொண்டோம். அதனால் துண்டு விழுந்த நாலாயிரத்தைக் கார்டு பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. மூன்றரை வட்டிக்கு.

இப்படி நாலு பக்கமும் கடன் நிற்கிற எனக்குச் சமூகத்தில் என்ன பெயர் என்று பார்க்க வேண்டும். சிபில் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை போகும்; எனக்கு 782. மாதாமாதம் வாழ்த்துச் செய்தி வருகிறது. தவணை தவறாமல் வட்டி கட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் அடைத்துத் தீர்த்துவிடாத ஒருவனுக்கு இந்த நாடு கொடுக்கும் மரியாதை அது.

பேரனின் படிப்புக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தர வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பென்ஷனிலிருந்து மாதாமாதம் கட்டிக்கொள்கிறேன், நீ ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். தவணைப் பிரிவில் உட்கார்ந்திருந்த பையன் பான் எண்ணைத் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். இன்னொரு முறை தட்டினான்.

"சாருக்கு ஹிஸ்டரியே இல்லையே சார்."

அப்பா ஹிஸ்டரி இல்லாதவரா? சங்கக் கடன், வைப்பு நிதி முன்பணம், புரோநோட்டு, அடகு ரசீது என்று எல்லாவற்றையும் ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டியவர். கடன் தீர்ந்த அன்று வட்டிக்காரர் கிழித்துக் கொடுத்த புரோநோட்டின் துண்டுகளைக்கூட ஃபைலில் வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய கடன் தீர்ந்தது 1997-ல். சிபில் தொடங்கியது 2000-ல். யோக்கியதையை மூன்று வருடம் முன்னதாகவே நிரூபித்து முடித்துவிட்ட மனிதர்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். சின்னதா ஒரு கடன் வாங்கி, கட்டிப் பழகிட்டு வாங்க" என்றான் பையன். வயது இருபத்திரண்டு இருக்கும். எழுபத்து மூன்று வயதுக்காரரிடம் உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். கடைசியில் டேப்லெட்டை என் பெயரில் வாங்கினோம். எனக்கு முப்பது நொடியில் கடன் கிடைத்தது. ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா வெளியே பார்த்தபடி சொன்னார்:

"அப்ப என்னையவிட நீதான் யோக்கியன்."

போன அக்டோபரில் மனைவி ஒரு காரியம் செய்தாள். செயலியைக் கேட்காமல், தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மாமியார் முறைப்படி பெயர் போட்டு எழுதினாள். முதல் கார்டுக்காரர். இரண்டாம் கார்டுக்காரர். பர்சனல் லோன்காரர். மூவரும் சேர்ந்து மூன்று லட்சம். 'இதர' என்ற ஆசாமியை உள்ளே விடவில்லை; கால் மணி நேரம் விசாரித்ததில் அவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற பிரியாணி, பார்க்காத இரண்டு ஓ.டி.டி. சந்தா, வாரக் கடைசி மால் என்று மூன்று ஆளாகப் பிரிந்தார். அட்டையை அம்மா வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் பீரோவைத் திறந்தாள்.

அதே சங்கிலி. 1988-ல் போய், ஒவ்வொரு வருடமும் கெடு முடிவதற்குள் வட்டி கட்டித் திருப்பி வைத்து, மூழ்காமல் காப்பாற்றி, கடைசியாக மீட்ட ஐந்து பவுன். அடகுக் கடை ரசீதில் ஓராண்டும் ஏழு நாளும் என்று கெடு அச்சிட்டிருப்பார்கள். அம்மாவுக்கு எங்கள் பிறந்தநாள்களைவிட அந்தத் தேதி நன்றாக ஞாபகம் இருக்கும். சங்கிலி உள்ளே இருந்த வருடங்களில் கல்யாண வீடுகளுக்குச் சிதம்பரம் கவரிங் போட்டுக்கொண்டு போவாள். யாராவது உற்றுப் பார்த்தால், "நல்லது லாக்கர்ல இருக்கு, காலம் கெட்டுக் கெடக்குல்ல" என்பாள்.

2025 அக்டோபரில் பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அன்று ஏழாயிரம் கொடுத்த சங்கிலிக்கு மூன்று லட்சம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் மூன்று பேர் இத்தனை வருடம் வேலைக்குப் போய்ச் சேர்த்ததைவிட, பீரோவில் சும்மா கிடந்த சங்கிலி சேர்த்தது அதிகம். வட்டி வருடத்துக்கு 9 சதவீதம். அம்மா விரல் விட்டாள். "முக்கால் வட்டி. மூணரை வட்டியை முக்கால் வட்டியில அடைக்கிறதுக்கு என்னடா யோசனை? கெளம்பு."

நகைக் கடன் கொடுக்கும் கிளையில் ஏ.சி. இருந்தது. டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். சின்ன பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். "பழைய கடையில நிக்க வச்சே அனுப்புவான்" என்று அம்மா மெச்சிக்கொண்டாள். மதிப்பிடுகிறவர் வந்தார். மின்தராசு, கணினி, பயோமெட்ரிக் எல்லாம் சுற்றி இருக்க, அவர் மேசை இழுப்பிலிருந்து அதே கறுப்பு உரைகல்லை எடுத்து, கொக்கியை அதில் ஒரு இழுப்பு இழுத்து, திராவகம் விட்டுப் பார்த்தார். அம்மா முதல் முறையாக அந்த இடத்தில் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாளே மூன்று பேருக்கும் கட்டி முடித்தோம். கார்டுகளை ரத்து செய்யச் சொன்னபோது ஒரு பெண் அழைத்து, "எங்க சேவையில ஏதாவது குறையா சார்?" என்று வருத்தத்தோடு கேட்டாள். குறை இல்லை, கடன்தான் தீர்ந்துவிட்டது என்றேன். "அப்படின்னா உங்க ஸ்கோர் கொஞ்சம் குறைய வாய்ப்பிருக்கு சார்" என்று எச்சரித்தாள். குறைந்தது. 782 போய் 751 ஆனது. வாழ்த்துச் செய்தி வரவில்லை.

"கட்டித் தீர்த்ததுக்கு மார்க்கைக் குறைப்பாங்களா?" என்றாள் மனைவி.

"இன்னும் கொஞ்சம் கொறையட்டும்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்கூட வந்து சேந்துருவான்."

சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. மாதம் 2,250 வட்டி போக, அசலில் எவ்வளவு கட்டினோம் என்று காலண்டர் அட்டையில் எழுதிக்கொண்டு வருகிறோம், அம்மா சரிபார்க்கிறாள். போன தையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுபடி கவரிங் போட்டுக்கொண்டு போனாள். அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க மதினி சங்கிலி?" என்று கேட்க, "லாக்கர்ல இருக்கு" என்றாள். இந்தத் தடவை அது சத்தியமான உண்மை. இரும்புக் கதவு, கேமரா, ராத்திரி பகலாகக் காவல், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. லாக்கர் வாடகையைத்தான் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார்கள்.